எல்லாப் பெரியவர்களிடமும் தோற்றவன்

இங்கிலாந்திலேயே பெரிய குஸ்திக்காரர் யார் என்று எங்கள் பக்கத்து மதுக்கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள், கைகலப்பு வந்துவிடும். வயதானவர்கள் ஜோப் ஹாலிவெல் என்பார்கள். அவர் சுரங்கத் தொழிலாளி. கணுக்காலைப் பிடித்து ஒரு திருகு திருகினால் எதிராளி செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவான். அடுத்த வயதுக்காரர்கள் வெள்ளை ஆந்தை என்பார்கள். அவர் முகமூடியைக் கழற்றிப் பார்த்தவர் யாருமில்லை. பெண்களைக் கேட்டால் அழகன் ட்ரிஸ்ட்ரம் என்பார்கள். கயிறுகளுக்கு அத்தர் தெளித்த பிறகுதான் அவர் மேடையில் கால் வைப்பார். இப்போதைய பிள்ளைகளுக்கு மலை மாரிஸைத் தவிர வேறு யாரையும் தெரியாது. அவர் குஸ்தி என்று எதுவும் போடுவதில்லை. ஆள்மேல் விழுவார், அவ்வளவுதான்.

நான் யாரோடும் வாதாடுவதில்லை. நால்வருமே பெரியவர்கள்தான். நால்வருமே என் தம்பி வில்ஃப்பைத் தோற்கடித்திருக்கிறார்கள். ஒரு காலத்துப் பெரியவரிடம் தோற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். எல்லாக் காலத்துப் பெரியவர்களிடமும் தோற்றவன் வில்ஃப் ஆஷ்வொர்த் ஒருவன்தான்.

அது லேசான வேலை இல்லை. ட்ரிஸ்ட்ரமைத் தலைக்கு மேல் தூக்கிப் போட வேண்டும், ஆனால் அவர் முடியில் ஓர் இழைகூடக் கலையக் கூடாது. "வில்ஃப்போட மோதுற அன்னிக்கு மட்டும்தான் நான் மறுபடி சலூனுக்குப் போக வேண்டாம்" என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளை ஆந்தையோடு மோதும்போது முகமூடியின் முடிச்சு வரைக்கும் விரல் போக வேண்டும். கூட்டம் மொத்தமும் நாற்காலியைவிட்டு எழ வேண்டும். அந்த நொடியில் அடி வாங்கிக் கீழே விழ வேண்டும். மாரிஸ் விழுகிற இடத்தில் முழுசாகக் கிடந்தவன் மறுநாள் வேலைக்கு வரமாட்டான். "பாக்கிறவங்களுக்கு நான் முழுசா அடியில கிடப்பேன் அக்கா. நிஜத்துல பாதிதான் கிடப்பேன். எந்தப் பாதின்னு தெரிஞ்சு வெச்சுக்கணும், அதுதான் தொழில்" என்பான் வில்ஃப்.

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்தது என்று இன்றைக்கு எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு அதை வாய்விட்டுச் சொன்னவனுக்கு எந்த ஊர் மண்டபத்திலும் வேலை கிடைக்காது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் சட்டம். வில்ஃப் என்னிடமும் சொன்னதில்லை. ஆனால் நான் வாட்டர்ஃபுட்டில் வீட்டுச் செருப்பு தைக்கும் ஆலையில் இருந்தேன். அவன் உடைகளெல்லாம் என் கையால் தைத்தவை. ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, "அக்கா, இந்தத் தோள்பட்டைத் தையலை மட்டும் கொஞ்சம் தளர்வாப் போட்டுக் கொடு. வெள்ளிக்கிழமை மூணாவது சுத்துல கிழியணும்" என்றான்.

"மோசமான தையல் என் கையில வராது" என்றேன்.

"மோசமா வேண்டாம் அக்கா. சரியா மூணாவது சுத்துல மோசமாகிற மாதிரி போடு."

ஒன்றுவிட்டு ஒன்று நூலை அறுத்து, மெழுகு தடவி, பழைய துணியில் பத்துத் தடவை இழுத்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பிளாக்பர்னில் மூன்றாவது சுற்றில்தான் கிழிந்தது. அதற்கப்புறம் நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

சிக்கல் 1963இல் வந்தது. சிக்கலின் பெயர் மேவிஸ்.

மேவிஸ் எங்கள் ஊரான பேக்கப்பில் மாட்டுக் குடலை வேகவைத்து விற்கும் கடை வைத்திருந்த எனாக் ராத்வெல்லின் ஒரே மகள். வில்ஃப்புக்கு முப்பத்தாறு வயது, அவளுக்கு முப்பத்திரண்டு. யாரிடமும் அனுமதி கேட்கிற வயதில்லை. ஆனால் தாயில்லாப் பெண். "அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாத்தான் தேவாலயத்துல நடப்பேன். இல்லேன்னா இப்படியே குடல் கழுவிக்கிட்டு இருந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் மாற மாட்டாள்.

ராத்வெல் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு இரண்டு விஷயங்களில் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. ஒன்று கடவுள், மற்றொன்று குஸ்தி. சனிக்கிழமை நாலு மணிக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டு டீவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கால்பந்து முடிவுகள் சொல்லும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். வில்ஃப் பெண் கேட்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் அவன் டீவியில், நாடே பார்க்க, வெள்ளை ஆந்தையிடம் தோற்றிருந்தான். தேதியை இன்னும் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

ராத்வெல் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம்.

"உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல தம்பி. குடிக்க மாட்டே, ஞாயித்துக்கிழமை தவறாம வர்றே. ஆனா நான் நேத்து பாத்தேனே. ராத்திரி என் கடையில ஒரு போக்கிரி வந்து நிக்கிறான்னு வெச்சுக்கோ. என் பொண்ணு கத்துறா. நீ என்ன பண்ணுவே? மூணு எண்ணுற வரைக்கும் மல்லாந்து கிடப்பியா?"

"அது வேற, இது வேறங்க ஐயா."

"எப்படி வேற?"

இங்கேதான் வில்ஃப் மாட்டிக்கொண்டான். எப்படி வேறு என்று சொன்னால் பெண் கிடைக்கும், தொழில் போகும். தொழிலைப் பற்றிக்கூட அவன் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

"சொல்லிடேன்டா. அவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார்" என்றேன் நான்.

"அதில்ல அக்கா. அந்த மனுஷன் வாரம் முழுக்கக் குடலும் கொதிதண்ணியுமாக் கிடக்கிறார். சனிக்கிழமை ஒரு மணி நேரம்தான் அவர் முகத்துல சிரிப்பே வருதுன்னு மேவிஸ் சொல்றா. அதைப் போயி நான் எடுக்கவா?"

ஆக, ஒரே வழிதான். ராத்வெல்லின் கண் முன்னால் வில்ஃப் ஜெயிக்க வேண்டும். ஜெயித்தால் மேவிஸ், இல்லாவிட்டால் இல்லை.

போட்டிகளை நடத்துகிறவர் மிஸ்டர் டக்வொர்த். ஒட்டக நிறக் கோட்டும் சுருட்டுமாக மான்செஸ்டரில் ஓர் அறை வைத்திருந்தார். வில்ஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றான்.

"ஜெயிக்கணுமா? நீயா? ஏன், உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாராம் டக்வொர்த்.

"இல்லீங்க. கல்யாணம்."

"அது அதைவிட மோசம். இதோ பாரு வில்ஃப். ஜெயிக்கிறதுக்கு எங்கிட்ட நாப்பது பேர் இருக்கான். ஒழுங்காத் தோக்கிறதுக்கு நீ ஒருத்தன்தான். நீயும் ஜெயிக்க ஆரம்பிச்சா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"ஒரே ஒரு தடவைங்க. பேக்கப்புல மட்டும்."

"பேக்கப்பா?" டக்வொர்த் முகம் தெளிந்தது. "அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அங்க நடக்கிறது பக்கத்துல இருக்கிற பர்ன்லிக்குக்கூடத் தெரியாது. எடுத்துக்கோ."

எதிராளியாக, ஜெர்மன் ராணுவ அதிகாரி வேஷம் போடும் கர்னல் ஸ்ட்ராஸ் குறிக்கப்பட்டார். மொட்டைத் தலை, ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ். எங்கள் பள்ளத்தாக்கிலேயே அவரைப்போல் வெறுக்கப்பட்ட மனிதர் கிடையாது. அவரைக் குத்துவதற்கென்றே பொம்பளைகள் தொப்பியில் செருகும் நீள ஊசியோடு காத்திருப்பார்கள். அவர் நிஜப் பெயர் ஸ்டான்லி. ஸ்டாக்போர்ட்டில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர், கூண்டுக் கிளி வளர்ப்பவர். ஜெர்மன் மொழியில் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. அதையும் தப்பாகத்தான் சொல்வார். வில்ஃப்புக்கு அவர்தான் உயிர்த் தோழர். இரண்டு பேரும் ஒரே வேனில்தான் எல்லா ஊருக்கும் போவார்கள். ஊர் எல்லை வந்ததும் ஒருவர் இறங்கி மழையில் நடப்பார். எதிரிகள் ஒன்றாக வந்து இறங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே.

போட்டிக்கு முந்தின நாள் ஸ்டான் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்கள் கொல்லைப்புற வழியாக வந்து சேர்ந்தார். மாவுக்குள் பொதிந்து சுட்ட உருளைக்கிழங்கும் சிவப்பு முட்டைக்கோசும் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். நான் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தோளும் விரிப்பில் பட நடுவர் மூன்று எண்ணினால் அது ஒரு வீழ்த்தல். இரண்டு வீழ்த்தல் எடுத்தவருக்கு வெற்றி.

"மொதல் வீழ்த்தல் எனக்கு, ரெண்டாவது உனக்கு" என்றார் ஸ்டான். "அஞ்சாவது சுத்துல நடுவர் முதுகைக் காட்டுவார். நான் உன் கழுத்தைக் கயித்துல வெச்சு அழுத்துவேன். அக்கா தையல் கிழியும். ஜனம் கொதிக்கும். நீ தள்ளாடிக்கிட்டே எழுந்து என்னைத் தூக்கிப் போடு. முடிஞ்சுது. கையைத் தூக்கிக் காட்டுவாங்க. உனக்கு எந்தக் கையைத் தூக்கறதுன்னு தெரியுமா?"

"கிண்டல் பண்ணாதேடா."

"இல்லடா, நெசமாத்தான் கேக்கிறேன். நீ பழக்கமில்லாதவன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நாளைக்கு நான் கொஞ்சம் அதிகமாவே கொடுமை பண்ணுவேன். மனசுல வெச்சுக்காதீங்க. இவனுக்கு என்னோட கல்யாணப் பரிசு அதுதான்."

எங்கள் ஊரில் குஸ்தி நடப்பது பொது நீச்சல் குளத்தில். குளிர்காலத்தில் குளத்துக்கு மேல் பலகை பரப்பி நாற்காலி போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ராத்வெல் முதல் வரிசையில், தொப்பி ஊசிக்காரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நானும் மேவிஸும் அவருக்குப் பின்னால். ராத்வெல் கடையைச் சாத்திவிட்டு நேராக வந்ததால், வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு முழுக் குடலைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

முதல் வீழ்த்தலை ஸ்டான் எடுத்தார். "அதான் சொன்னேனே" என்று ராத்வெல் பின்பக்கம் திரும்பி எங்களிடம் சொன்னார். இரண்டாவதை வில்ஃப் எடுத்தான். ராத்வெல் திரும்பவில்லை. ஆனால் அவர் காது சிவந்திருந்தது. மேவிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது சுற்று வந்தது. நடுவர் எதற்கோ மூலைப் பக்கம் திரும்பினார். ஸ்டான் தன் பரிசைக் கொடுக்க ஆரம்பித்தார்.

எத்தனையோ போட்டி பார்த்திருக்கிறேன். அப்படி ஓர் அக்கிரமத்தைப் பார்த்ததில்லை. கழுத்தைக் கயிற்றில் அழுத்தினார். விரலை மிதித்தார். தலையைப் பிடித்து மூலைக் கம்பத்தில் மோதினார். என் தையல் சொன்ன நேரத்துக்குக் கிழிந்தது. வில்ஃப் கண்ணை மேலே செருகிக்கொண்டு அவ்வளவு அழகாகச் சாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த நானே நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"நடுவரே! திரும்பிப் பாருய்யா!" என்று ராத்வெல் எழுந்து கத்தினார். நடுவர் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம். "டேய் கிராதகா! அந்தப் பையனை விடுடா!"

அடுத்து நடந்ததை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ராத்வெல் மேடையில் ஏறினார். ஒரு கால் கயிற்றில் சிக்கிக்கொண்டது. "விடாதே எனாக், ஏறு!" என்று தொப்பி ஊசிக்காரிகள் பின்னாலிருந்து அவரை மூட்டை மாதிரி தள்ளிவிட்டார்கள். உள்ளே போய் விழுந்தவர் எழுந்தார். கையில் இருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் சுழற்றி, கர்னல் ஸ்ட்ராஸின் மொட்டைத் தலையில் ஒரே போடு போட்டார்.

தாள் கிழிந்தது. குடல் விரிந்து அவர் தலையை ஈரத் துண்டு மாதிரி மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் அடியிலிருந்த குளம் வரைக்கும் போய் எதிரொலித்தது.

ஸ்டான் சும்மா நின்றிருந்தால் போதும். குடலை உதறிவிட்டு உறுமியிருந்தால் காவலாளிகள் ராத்வெல்லை இறக்கிவிட்டிருப்பார்கள், ஆட்டம் நடந்திருக்கும். ஆனால் தலையில் எது சத்தத்தோடு பட்டாலும் அந்த உடம்பு விழும். அத்தனை வருடப் பழக்கம். வீட்டில் குழந்தை தலையணையால் அடித்தாலும் விழுவாராம், அவர் மனைவி சொன்னார். ஸ்டான் விறைத்தார், அரைச் சுற்று சுற்றினார், வெட்டின மரம் மாதிரி சாய்ந்தார்.

வில்ஃப் தவழ்ந்து போய் அவர்மேல் குனிந்தான். என்ன பேசினார்கள் என்று அப்புறம்தான் சொன்னான்.

"ஸ்டான், எழுந்திருடா!"

"எப்படிடா எழுந்திருக்கிறது? விழுந்துட்டேனே."

"யாருடா உன்னை விழச் சொன்னது?"

"அடிச்சாரேடா!"

எழுந்திருக்க முடியாதுதான். மூர்ச்சையான மனிதன் குடலை வழித்துப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்தால் மண்டபம் சிரிக்கும். ஒரு தடவை சிரித்த மண்டபம் அப்புறம் எந்த மூர்ச்சையையும் நம்பாது. நடுவருக்கும் வேறு வழியில்லை. பத்து வரைக்கும் எண்ணினார், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஸ்டான் அசையவில்லை. வெளி ஆள் ஏறி ஒருவனுக்காக எதிராளியை அடித்து வீழ்த்தினால் அந்த ஒருவனுக்குத் தகுதி நீக்கம். அந்தச் சட்டம் நடுவரைவிட பேக்கப் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். தரையில் கிடந்த கர்னல் ஸ்ட்ராஸின் தொங்கிய கையை நடுவர் தூக்கிக் காட்டினார். வெற்றி அவருக்கு.

மேவிஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிஜமாகவே அழுதாள்.

மேடையில் ராத்வெல் கிழிந்த செய்தித்தாளோடு நின்றார். அவருக்கு மெல்ல விளங்கியது.

"தம்பி, நீ ஜெயிச்சுக்கிட்டிருந்தியா?"

"கிட்டத்தட்டங்க ஐயா."

"நான் ஏறினதாலயா தோத்தே?"

வில்ஃப் கிழிந்த தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றான். அவன் அப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"விடுங்க ஐயா. பதினாலு வருஷமா நான் அடி வாங்கறேன். எனக்காக ஒருத்தரும் மேடை ஏறினதில்ல. நீங்க ஏறினீங்க. எனக்கு அது போதும்."

ராத்வெல் மூக்கைச் சிந்தினார், செய்தித்தாளில்.

மறுநாள் மாட்டுக்கால் வாங்குகிற சாக்கில் நான் கடைக்குப் போனேன். வரிசை தெருவரைக்கும் நின்றது. கர்னலைச் சாய்த்த குடல் இதே ரகமா என்று ஆளாளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்வெல் கத்தியைத் தீட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். இரவு முழுக்கத் தூங்காத கண்.

"யோசிச்சுப் பாருங்க. இந்தப் பையன் தோத்தான், தோத்தான்னு நானும்தான் பேசினேன். ஒரு தடவையாவது ஒழுங்காத் தோத்திருக்கானா? போன மாசம் டீவியில என்ன நடந்துச்சு? முகமூடிக்காரன் வயித்துல குத்துறான், நடுவர் எங்க பாத்துக்கிட்டிருந்தான்? ஆகாசத்தை! ட்ரிஸ்ட்ரம் கண்ணுல அத்தர் அடிச்சான், நடுவர் பூட்ஸ் கயிறு கட்டுறான்! பதினாலு வருஷமா ஊர் ஊராப் போயி இவனை ஏமாத்தியிருக்காங்கய்யா. எல்லா நடுவரும் சேர்ந்து! எல்லாம் முன்கூட்டியே பேசி வெச்சது!"

நான் மாட்டுக்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் தவறான வழியாக நடந்து நடந்து உண்மையின் வாசலுக்கே வந்துவிட்டிருந்தார். ஆனால் உள்ளே நுழையவில்லை.

என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஹில்டா, உன் தம்பிகிட்ட சொல்லு. இவன் என் பொண்ணைப் பாத்துப்பானான்னு கேட்டுக்கிட்டிருந்தேன். கேள்வியே தப்பு. இவனை யார் பாத்துக்கிறது? வெகுளிப் பையன், மேல விழுந்து அடிச்சாலும் சட்டம் பேசிக்கிட்டு நிக்கிறான். பக்கத்துல குடும்பம்னு நாலு பேர் வேண்டாமா? ஈஸ்டருக்குக் கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

"மேவிஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"அவகிட்டதான் சொன்னேன். கேட்டுட்டு உள்ள போயி குடல் கழுவறா. சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியல."

ஸ்டான்தான் மாப்பிள்ளைத் தோழனாக நின்றிருக்க வேண்டும். பேக்கப்பில் அவர் தலை தெரிந்தால் உயிரோடு திரும்ப முடியாது. பெயர் எழுதாமல் ஒரு ஜோடிக் கிளியை அனுப்பி வைத்தார்.

ஈஸ்டர் சனிக்கிழமை தேவாலயத்தில் இடமில்லை. தொப்பி ஊசிக்காரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள், ஊசியோடு. ராத்வெல் மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மேவிஸின் கையை எடுத்து வில்ஃப்பின் கையில் வைத்தார். வைத்துவிட்டு உட்காரப் போகவில்லை. வில்ஃப்பின் பின்னால், அவன் முதுகை மறைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நின்றார்.

"மிஸ்டர் ராத்வெல், நீங்க உக்காரலாம்" என்றார் போதகர்.

"நீங்க நடத்துங்க சாமி. கதவு திறந்திருக்கு."

"இங்க யாரும் வர மாட்டாங்க."

"நடுவருங்களும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் ராத்வெல். மோதிரம் மாற்றி, பாட்டு முடிந்து, கையெழுத்துப் போடும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.